உகுலேலேயில் மாயாமாளவகௌளை: எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு உகுலேலே, அதாவது நான்கு தந்திச் சின்னக் கிட்டார், சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். போன மழைக்காலத்தில் ஒரு பையன் கைப்பேசியை நீட்டி, "அண்ணே, டபுள் ஹார்மோனிக்னு ஒரு ஸ்கேல் இருக்கு, ரொம்ப எக்ஸாட்டிக்காம், அதச் சொல்லிக் கொடுங்க" என்றான். வாங்கிப் பார்த்தேன். சி, டி ஃப்ளாட், இ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி. "டேய், இது உன் தங்கச்சி பாட்டு வகுப்பில் தினமும் பாடுகிற சரளி வரிசைடா" என்றேன். நம்பவில்லை. பாடிக் காட்டியதும், "அப்புறம் எதுக்குண்ணே பாலைவனம், ஒட்டகம் படமெல்லாம் போட்டிருக்காங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

மேற்கில் டபுள் ஹார்மோனிக், பைசாண்டைன் என்றெல்லாம் சொல்வது நம் 15-ஆவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) மாயாமாளவகௌளையின் சுரங்கள்தான். வடக்கே பைரவ், அரபு இசையில் ஏறக்குறைய ஹிஜாஸ் கார். 16-ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் இதைத்தான் தொடக்கப் பாடமாக வைத்தார் என்பது மரபு. நமக்கு இது அரிச்சுவடி. ஆனால் உகுலேலேயில் வாசிக்க உட்கார்ந்தால் அரிச்சுவடியே தடுமாறும். அந்தத் தடுமாற்றங்களை என்ன கேட்கிறது, என்ன ஆகிறது என்று அறிகுறி வாரியாகச் சொல்கிறேன்.

முதலில் சரியான இடங்கள். கருவி ஜி, சி, இ, ஏ என்ற வழக்கமான சுருதியில் இருக்கட்டும். சி தான் ஷட்ஜம் (ச), பாட்டுக்காரர்கள் கணக்கில் ஒரு கட்டை சுருதி. ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி.

ச: சி தந்தி, எதையும் அழுத்தாமல்
ரி: சி தந்தி, 1-ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல்
க: இ தந்தி, அழுத்தாமல்
ம: இ தந்தி, 1-ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல்
ப: இ தந்தி, 3-ஆம் ஃப்ரெட், மோதிர விரல்
த: இ தந்தி, 4-ஆம் ஃப்ரெட், சுண்டுவிரல்
நி: ஏ தந்தி, 2-ஆம் ஃப்ரெட், நடுவிரல்
மேல் ச: ஏ தந்தி, 3-ஆம் ஃப்ரெட், மோதிர விரல்

ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல். கை இடம் மாற வேண்டியதே இல்லை.

"எல்லாம் சரியாகத்தான் அழுத்துகிறேன், ஆனால் பாட்டு வகுப்பில் கேட்பதுபோல் இல்லை"

பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். எங்கேயோ ஒரு சுரம் மாறியிருக்கிறது, எது என்று தெரியவில்லை. நம் இசையில் இதற்கு ஒரு வசதி உண்டு. தவறாக வாசித்தாலும் பெரும்பாலும் வேறொரு ராகத்துக்குள்தான் போய் விழுவீர்கள். எந்த ராகத்தில் விழுந்தீர்கள் என்று கண்டுபிடித்தால், எந்த விரல் தவறியது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அதிகம் நடப்பது தைவதத்தில். மேற்கத்திய பாடம் ஒன்றிரண்டு படித்த கைக்கு ஏ தந்தியை அழுத்தாமல் மீட்டுவது பழகிப்போயிருக்கும். த வந்ததும் விரல் சும்மா இருந்துவிடும், ஏ ஒலிக்கும். கீழ்ப்பாதி சரியாக இருக்கும், மேல்பாதியில் மட்டும் அழுத்தம் விட்டுப்போய்ச் சிரித்ததுபோல் இருக்கும். அது சூரியகாந்தம், 17-ஆவது மேளம். சுண்டுவிரலை இ தந்தியின் 4-ஆம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது ரிஷபம். சி தந்தியில் 2-ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் கீழ்ப்பாதி சாதுவாகிவிடும், மேல்பாதி மட்டும் ஏங்கும். அது சரசாங்கி, 27-ஆவது. ரி, த இரண்டும் ஏறிவிட்டால் சங்கராபரணம், அதாவது மேற்கத்திய மேஜர் ஸ்கேல். கேட்டதும் பள்ளிக்கூடத்து ரெக்கார்டர் வகுப்பு நினைவுக்கு வந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

நிஷாதத்தில் ஏ தந்தியின் 1-ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் வகுளாபரணம். மேல் ச-வை எட்டும் அந்த இழுப்பு இல்லாமல் தளர்ந்துவிடும். தைவதத்தை அழுத்தாமல் விட்டு, நிஷாதத்துக்கும் 1-ஆம் ஃப்ரெட்டையே அழுத்தினால் சக்கரவாகம். கை சோம்பிய நாளில் இது நிறைய வரும். மத்தியமத்துக்கு இ தந்தியில் 2-ஆம் ஃப்ரெட் பட்டுவிட்டால் காமவர்த்தனி, நாம் பந்துவராளி என்று கூப்பிடுவது. மற்றவை தவறு போலக் கேட்கும். இது மட்டும் அழகாகவே கேட்கும், அதனால் கண்டுபிடிப்பது கடினம். பாட்டு வகுப்புக்குப் போகும் ஒருவரை உட்கார வைத்து ப-வுக்கு முந்திய சுரத்தைப் பாடச் சொல்லி ஒப்பிடுங்கள்.

காந்தாரம் வெறும் தந்தி என்பதால் அதில் பிழை வராது என்று நினைப்பீர்கள். ஒரே தந்தியில் மேலே ஏறி வாசிப்பவர்களுக்கு வரும். சி தந்தியில் 4-க்குப் பதில் 3-ஆம் ஃப்ரெட்டோடு நின்றால் தேனுகா. அழுகைக் காட்சிக்குப் பின்னணி வாசிப்பதுபோல் இருக்கும்.

ராகப் பெயர்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று ஒரு பெற்றோர் வருத்தப்பட்டார். பிள்ளைகளுக்குப் பயமே இல்லை. "அண்ணே, நான் சூரியகாந்தத்துல விழுந்துட்டேன்" என்று அவர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"க மட்டும் ஒலிப்பதில்லை, டொக் என்று செத்துப்போகிறது"

ரி-யில் ஆள்காட்டி விரல் படுத்துக் கிடக்கிறது. சி தந்தியை அழுத்தும் விரலின் சதை பக்கத்திலிருக்கும் இ தந்தியைத் தொட்டால், அடுத்து வரும் க ஊமையாகிவிடும். விரலை நுனியில் நிறுத்துங்கள், முதல் கணு மடங்கி நிற்கட்டும். இடக்கை நகத்தை ஒட்ட வெட்டாமல் இது நடக்காது. இறங்கு வரிசையில் காரணம் வேறு: ம வாசித்த விரலை எடுக்காமலே க-வுக்கு மீட்டுகிறீர்கள். ம, க, ம, க என்று இருபது தடவை தனியாக வாசித்தால் போய்விடும்.

"ரி கொஞ்சம் கூடுதலாக ஒலிக்கிறது, டியூனரும் அப்படியே காட்டுகிறது"

பையனைத் திட்டுவதற்கு முன் கருவியைப் பாருங்கள். இந்த ராகத்துக்கு 1-ஆம் ஃப்ரெட்டில் மூன்று வேலை: ரி, ம, அப்புறம் ஜி தந்தியில் வாசித்தால் த. மலிவான உகுலேலேயில் அதிகம் கெட்டிருப்பதும் அந்த இடம்தான். கழுத்தின் தலைமாட்டில் தந்திகள் பதியும் வெள்ளைத் துண்டு, அதாவது நட், உயரமாக இருந்தால் 1-ஆம் ஃப்ரெட்டைத் தொட தந்தியை அதிக தூரம் கீழே இழுக்க வேண்டும். இழுத்தால் இறுக்கம் கூடும், சுருதி ஏறும். 5-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போகப் போக இந்தக் குறை தெரியாது. அதனால்தான் கடையில் சும்மா மீட்டிப் பார்த்து வாங்கும்போது யாரும் கவனிப்பதில்லை.

சோதனை எளிது. சி தந்தியை 2-க்கும் 3-க்கும் நடுவில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது 1-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் நல்லது. பழைய பத்து சென் காசு நுழைகிறது என்றால் நட் உயரம். இன்னொரு வழியும் உண்டு: 1-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) மாட்டி, அதையே நட்டாக வைத்துக்கொண்டு, சுருதி பார்த்துவிட்டு அதே விரல்களில் வாசியுங்கள். அப்போது ரி சரியாக விழுந்தால், உங்கள் விரல் நிரபராதி.

நட்டின் பள்ளத்தை மெல்லிய அரத்தால் கொஞ்சம் ஆழப்படுத்த வேண்டும். நீங்களே செய்யாதீர்கள். ஒரு இழுப்பு கூடினால் தந்தி ஃப்ரெட்டில் மோதி அதிரும், நட்டையே மாற்ற வேண்டிவரும். நான் என்னுடைய முதல் கருவியை அப்படித்தான் கெடுத்தேன். கிட்டார் பழுது பார்ப்பவர்கள் ஈப்போவில் இருக்கிறார்கள், பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அதுவரைக்கும் ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி, மெல்ல அழுத்திச் சமாளிக்கலாம். இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஏறும்.

"தம்புரா செயலியோடு வாசித்தால் க உறுத்துகிறது"

உங்கள் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தம்புராவின் நாதத்துக்குள்ளேயே ஒலிக்கும் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து சுமார் 386 சென்ட் (ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததுக்கு 100 சென்ட்). ஃப்ரெட் போட்ட கருவியில் அது 400. அதாவது 14 சென்ட் கூடுதல். நி-யும் இதேபோல் 12 சென்ட் தூக்கலாக நிற்கும். ரி-யும் த-வும் எதிர்ப்பக்கம், கொஞ்சம் குறைவாக. (நட் உயரமான கருவியில் ரி ஏறி ஒலிப்பது சிலசமயம் தம்புராவோடு ஒத்துப்போய்விடும். குறையே குணமாகும் இடம். ஆனால் அதே கருவியில் ம-வும் ஏறிவிடுமே.)

இதற்காக இ தந்தியைத் தளர்த்தாதீர்கள். க சரியாகும், அதே தந்தியிலிருக்கும் ம, ப, த மூன்றும் இறங்கிவிடும். க-வில் நீண்டு நிற்காமல் கடந்து போங்கள். ச-விலும் ப-விலும் நில்லுங்கள்.

தம்புரா செயலியே தேவையில்லை என்பேன். உகுலேலேயின் ஜி தந்தி சி-யைவிட உயரத்தில் இருப்பதைப் பலர் குறை என்கிறார்கள். இந்த ராகத்துக்கு அது வரம். ஜி தான் பஞ்சமம், பக்கத்திலேயே சி ஷட்ஜம். கட்டைவிரலால் ப, ச, ச என்று மீட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினால் தம்புரா மடியிலேயே இருக்கிறது.

"கமகம் வரவில்லை, ஹார்மோனியம் மாதிரி துண்டு துண்டாக இருக்கிறது"

கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் இழைத்தும் வாசிப்பது, வராததற்குக் காரணங்கள் உண்டு. நைலான் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளினால் இரும்புக் கம்பிபோல் சுருதி ஏறாது. கொஞ்சம்தான் ஏறும். மீட்டிய ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டதற்கு நாதம் நீடிக்க வேண்டும் என்பது முக்கியக் காரணம். நம்மிடம் இருப்பதோ சின்ன மரப்பெட்டி. ஆகவே தள்ளுவதை விட்டுவிட்டு வழுக்குங்கள். மீட்டிய உடனே வழுக்க வேண்டும், யோசித்தால் ஒலி போய்விடும்.

ஆனால் சி-யை ஷட்ஜமாக வைத்தால் வழுக்கவும் இடமில்லை. ச வெறும் தந்தி, ரி அடுத்த ஃப்ரெட்டிலேயே நட்டை ஒட்டி நிற்கிறது. வெறும் தந்தியிலிருந்து எப்படி வழுக்குவது? அதனால் கமகத்தில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு நான் ஷட்ஜத்தை எஃப்-க்கு மாற்றிவிடுகிறேன், நான்கு கட்டை. இ தந்தியில் மட்டும் வாசியுங்கள்: 1, 2, 5, 6, 8, 9, 12. இது ச, ரி, க, ம, ப, த, நி. மேல் ச 13-இல் வரும். உங்கள் கருவியில் கழுத்து 12-உடன் முடிந்தால் ஏ தந்தியின் 8-ஆம் ஃப்ரெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே அழுத்தும் சுரங்கள், ஒரே தந்தி. ச-விலிருந்து ரி-க்கும் ப-விலிருந்து த-வுக்கும் வீணையில் வருவதுபோல் ஜாரு (வழுக்கல்) வரும். ரி-யிலிருந்து க-வுக்குப் போகும் மூன்று ஃப்ரெட் தாவல்தான் இந்த ராகத்தின் உயிர். அதை வேகமாக வழுக்காதீர்கள். தாவி, க-வில் சுத்தமாக இறங்குங்கள்.

1-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 4-ஆம் ஃப்ரெட்டுக்குச் சின்ன சொப்ரானோ கருவியில் ஐந்து சென்டிமீட்டர்தான். அதைவிடப் பெரிய டெனோரில் ஆறரை. சின்னப் பிள்ளைக்கு டெனோர் வாங்கிக் கொடுத்துவிட்டு விரல் எட்டவில்லை என்று சொல்லக் கூடாது.

"கீழே நி, த, ப வேண்டும், தந்தியே இல்லை"

ஜண்டை வரிசை முடித்துக் கீதத்துக்குப் போகும்போது இந்தக் குறை தெரியும். சி தான் கருவியின் அடி, அதற்குக் கீழே எதுவும் கிடையாது. இரண்டு வழி. ஜி தந்தியைக் கழற்றி, ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் தடித்த ஜி தந்தியைப் போடலாம், தனித் தந்தியாகவே விற்கிறார்கள். தடிப்பு நட் பள்ளத்தில் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது மேலே சொன்ன நான்கு கட்டைக்கே போங்கள். எஃப் ஷட்ஜம் என்றால் அதற்குக் கீழே இ தந்தி வெறுமனே நி, சி தந்தி 1-இல் த, வெறுமனே ப. மூன்றும் தயாராக இருக்கின்றன. காசும் மிச்சம்.

"கார்டு அடித்தால் கசக்கிறது"

கார்டு என்பது பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது. நீங்கள் ஜி கார்டு அடிக்கிறீர்கள். அதில் டி இருக்கிறது, அது சதுஸ்ருதி ரிஷபம், அதாவது ஒரு படி உயர்ந்த ரி. நம் ராகத்தில் அதற்கு இடமில்லை. பழக்கமான ஜி 7 பிடி 0212 (ஜி, சி, இ, ஏ வரிசையில் ஃப்ரெட் எண்கள்). அதில் சி தந்தியின் விரலை மட்டும் ஒரு ஃப்ரெட் கீழே இறக்கி 0112 ஆக்குங்கள். ப, ரி, ம, நி நான்கும் ராகத்துக்குள்ளேயே வந்துவிடும். சி மேஜர் 0003, எஃப் மைனர் 1013, டி ஃப்ளாட் மேஜர் 1114 இவையும் பொருந்தும். எஃப் மேஜர் கூடாது, அதில் ஏ இருக்கிறது. ராகத்துக்குக் கார்டு எதற்கு என்று கேட்கிற கட்சிதான் நான். பிள்ளைகள் விடுவதாயில்லை.

"டியூனர் சி ஷார்ப் என்று காட்டுகிறது, புத்தகத்தில் டி ஃப்ளாட்"

இரண்டும் ஒரே இடம். விட்டுவிடுங்கள்.

"காலையில் சரி, மாலையில் சுருதி போய்விடுகிறது"

புதுத் தந்தி என்றால் ஒரு வாரம் பத்து நாள் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கும். வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெல்ல இழுத்துவிட்டுச் சுருதி சேருங்கள். பழைய தந்தி என்றால் முறுக்காணியின் திருகைப் பாருங்கள், தளர்ந்திருக்கும்.

தந்தியும் ஆணியும் சரி என்றால் நம் காற்று. இங்கே ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். முழு மரத்தில் செய்த விலையுயர்ந்த கருவிகள் 50 சதவீதத்தை எதிர்பார்க்கின்றன. மரம் ஈரம் குடித்தால் மேல்பலகை உப்பும், தந்தி உயரும், சுருதி மாறும். ஒட்டுப்பலகைக் கருவி இதை நன்றாகத் தாங்கும். நம்மூருக்கு நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். உறைக்குள் சிலிக்கா பை இரண்டு போடுங்கள், சமையலறைச் சுவரில் மாட்டாதீர்கள். மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் பிரிட்ஜின் (மேல்பலகையில் தந்திகளைக் கட்டியிருக்கும் துண்டின்) பசை இளகி அது எழும்பிவிடும், அதற்கு வாசிப்பில் வைத்தியம் இல்லை.

"மூன்றாம் காலத்தில் குழம்புகிறது"

மூன்றாம் காலம் என்றால் நாலு மடங்கு வேகம். அதில் குழப்புவது இடக்கை அல்ல, வலக்கை. ஒரே விரலால் மீட்டுகிறீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி என்று மாற்றி மாற்றி, இடக்கை இல்லாமல் சி தந்தியில் மட்டும் ஆதி தாளத்தில் மூன்று காலமும் போடுங்கள். அது வந்த பிறகு சுரத்தைச் சேருங்கள்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. ப-வையும் த-வையும் இ தந்தியில் வாசிக்காமல் ஜி தந்தியில் எடுங்கள்: ப வெறும் ஜி, த ஜி தந்தியின் 1-ஆம் ஃப்ரெட். இரண்டு சுரத்துக்கு ஒரு தந்தி என்று மாறுவதால், தந்தி மாறும் இடங்களில் முந்திய சுரம் அடங்காமல் அடுத்ததோடு கலந்து மணி அடித்ததுபோல் வரும். சுண்டுவிரலுக்கும் ஓய்வு. வலக்கைக்குத்தான் புதிய வழி பழக வேண்டும்.

"வீட்டில் சரி, கோயிலில் வாசித்தால் சேரவில்லை"

நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் இருக்கும். நீங்கள் ஒரு கட்டையில் இருக்கிறீர்கள். இரண்டுக்கு 2-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ, இரண்டரைக்கு 3-ஆம் ஃப்ரெட்டில். விரல்கள் மாறாது. பழைய ஹார்மோனியம் என்றால் செயலியை நம்பாதீர்கள், பல வருஷமாகச் சுருதி பார்க்காத பெட்டி எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. ஹார்மோனியக்காரரிடம் ச-வைப் பிடிக்கச் சொல்லி, காதால் சி தந்தியைச் சேர்த்து, மற்ற மூன்றையும் அதிலிருந்து சேருங்கள். ஏர்கான் மண்டபம் என்றால் கால் மணி நேரம் முன்னாலேயே கருவியை உறையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு, அப்புறம் சேருங்கள்.